சத்தமில்லாத இடம்

மகள் அப்பாவின் இடது கன்னத்தை மழித்து முடித்து, வலது கன்னத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தபோது, ஆலையின் நலத்துறை அதிகாரி நான்காவது பழக்கூடையோடு உள்ளே வந்தார். முதல் மூன்றும் ஜன்னலோரம் வரிசையாக அழுகிக்கொண்டிருந்தன. அப்பாவுக்குத் தண்ணீரே ஸ்பூனில்தான் இறங்கியது.

"எப்படிம்மா இருக்கார்?"

"அப்படியேதான் இருக்கார் சார்."

"அது போதும். அப்படியே இருந்தா போதும்," என்றார் அதிகாரி, உண்மையான அக்கறையோடு.

அப்பா ஆலையின் கல்லுடைக்கும் இயந்திரத்தில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். அந்த முப்பத்தொரு வருஷத்தில் யாரும் அவரை இப்படி விசாரித்ததில்லை. காது போனபோது ஒரு காதுக்கருவி கொடுத்தார்கள். மனிதர்கள் பேசுவதைத் தவிர மற்ற எல்லாம் அதில் நன்றாகக் கேட்கும். இப்போது ஆலை மருத்துவமனையில் தனி அறை, ஏசி, மூச்சுக்கு ஒரு மெஷின், அது நின்றுபோனால் என்று இன்னொரு மெஷின்.

எல்லாம் சட்டம் செய்த வேலை. மலைக்குடி மக்களின் இடுகாட்டில் கடைசிப் பன்னிரண்டு வருஷத்துக்குள் ஓர் உடலாவது புதைக்கப்பட்டிருந்தால், அந்த மலையை யாரும் தோண்டக் கூடாது. ஒரு நாள் தாண்டினாலும் அது வெறும் கல். மலைக்குடிக்காரர்கள் ஆலைக் குடியிருப்புக்கு இறங்கிவந்து, செத்தால் டவுன் மயானம் என்று பழகிவிட்டார்கள். கடைசியாக மேலே புதைத்தது அம்மாவைத்தான். வெள்ளிக்கிழமையோடு பன்னிரண்டு வருஷம் முடிகிறது. நான்காவது கூடை வந்தது புதன்கிழமை. அந்த வாரம் சாகும் நிலையில் இருந்த ஒரே மலைக்குடிக்காரர் அப்பா.

அதிகாரி போன கொஞ்ச நேரத்தில் மலைக்குடிச் சங்கத்து வக்கீல் வந்தாள். சொந்த சனம், சின்னப் பெண். பழம் கொண்டுவரவில்லை.

"எப்படிக்கா இருக்கார்?"

"அப்படியேதான் இருக்கார்."

"ஓ," என்றாள். முகம் வாடியது. வாடியதை மகள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் வக்கீல் ஜன்னலைப் பார்த்தாள். "அவசரமில்லக்கா. நான் அந்த அர்த்தத்துல கேக்கல."

எந்த அர்த்தம் என்று மகளும் கேட்கவில்லை.

மதியம் அப்பா கண் திறந்தார். மகள் காதுக்கருவியை மாட்டிவிட்டுக் குனிந்தாள்.

"அப்பா, உங்களை எங்க வைக்கட்டும்?"

"சத்தமில்லாத இடமா பாரு."

"அம்மா பக்கத்துலயா?"

"சத்தமில்லாத இடம்னுதானே சொன்னேன்," என்றார் அப்பா. தன் பேச்சுக்குத் தானே சிரிக்கப் பார்த்தார். அது இருமலாகிவிட்டது.

நாலு மணி பத்து நிமிஷத்துக்கு, இரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் போய்விட்டார்.

அதிகாரி முதலில் வந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. படிவத்தை மேசையில் வைத்து, அடக்கம் செய்யும் இடம் என்ற கட்டத்தைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"ஐஸ் பெட்டி இருக்கும்மா. சனிக்கிழமை வரைக்கும் வெச்சுக்கலாம். வெளியூர்ச் சொந்தக்காரங்கள்லாம் வரணும்ல."

"எங்களுக்கு வெளியூர்ல யாரும் இல்ல சார்."

"யோசிச்சுப் பாரும்மா. அந்த மலை இல்லேன்னா ஆலை இல்ல. நானூறு குடும்பம். என் குடும்பத்தையும் சேர்த்துதான் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. டிப்பர் லாரி ஓட்டும் தம்பி வராந்தாவில் அதையேதான் சொன்னான்.

"பழைய குவாரியில நாலு மாசக் கல்லுதான்க்கா பாக்கி. உனக்குத் தெரியாதா?"

"ஒவ்வொரு லோடையும் எடை போடுறவ நான். எனக்குத் தெரியாம உனக்கா தெரியும்?"

"அப்புறம் நாம எங்க போறது?"

"தெரியலடா."

தம்பி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "அப்பா ஏதாவது சொன்னாரா?"

"சத்தமில்லாத இடம் வேணும்னார்."

அவன் வண்டிச் சாவியை விரலில் சுற்றினான். பிறகு, "டவுன் மயானத்துச் சுவத்துக்கு அந்தப் பக்கம் எங்க டிப்பர் ஷெட்டு," என்றான். "காலையில நாலு மணிக்கு முதல் ஹாரனே நான்தான் அடிப்பேன்."

எழுந்து வண்டி எடுத்துவரப் போனான். மகள் உள்ளே வந்து அதிகாரியின் கையை மெல்ல நகர்த்தினாள். எடைச்சீட்டில் எண் எழுதும் அதே கையெழுத்தில் கட்டத்தை நிரப்பினாள்.

மறுநாள் டிப்பர் மலை ஏறியது. குழி வெட்டுவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. அம்மாவின் கல்லுக்குக் கொஞ்சம் தள்ளியே வெட்டச் சொன்னான் தம்பி. அதிகாரி மலர்வளையத்தோடு வந்திருந்தார். ஆலையின் பெயர் எழுதிய நாடாவை உள்பக்கமாகத் திருப்பிவைத்தார். வக்கீல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தாள். பெட்டி இறங்கும்போது மட்டும் போனைப் பைக்குள் வைத்தாள்.

தினமும் பன்னிரண்டு மணிக்கு எதிரே பழைய குவாரியில் வெடி வைப்பார்கள். நேரம் நெருங்க நெருங்க எல்லோரும் பழக்கத்தில் காதைப் பொத்தத் தயாரானார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளிப் போய் போனில் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

"இன்னிக்கு மட்டும்," என்றார் யாரையும் பார்க்காமல்.

பன்னிரண்டு ஆனது. வெடிக்கு முன் ஊதும் சைரன் வரவில்லை. மண் தள்ளும் ஓசையும் நின்றது. மலை இப்படி இருக்கும் என்று அங்கிருந்த யாருக்கும் நினைவில்லை.

அப்போதுதான் எங்கிருந்தோ மெல்லிய விசில் கேட்டது. எல்லோரும் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். மகள் இறுக மூடியிருந்த உள்ளங்கையை விரித்தாள். அப்பாவின் காதுக்கருவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் நகத்தால் மூடியைத் திறந்து, பேட்டரியை எடுத்தாள்.