மற்றவை என்னும் கடைசித் தூண்

வீட்டுக் குளியல் தொட்டித் தண்ணீரைக் கேஸில் காய்ச்சும் பாய்லர்களைச் செய்கிற ஷிராமினே பாய்லர் கம்பெனியில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தரக் குழு உண்டு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு செல்லப் பெயரும் உண்டு. தகடு வெட்டுகிறவர்கள் மின்னல் குழு. வண்ணம் அடிக்கிறவர்கள் வானவில் குழு. கடைசியில் பாய்லரைப் பற்றவைத்துப் பார்த்துப் பெட்டியில் போடுகிற சோதனைப் பிரிவு, பனிமுயல் குழு. பெயர் வைத்தவர் மேனேஜர் இசுருகி. பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவர் அவ்வளவு யோசித்துப் பெயர் வைக்கவில்லை என்று சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பேச்சு.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் அவர் கைப்பட தூரிகையால் எழுதிய வாசகம் ஒன்று தொங்கியது: "படம் போட முடியாத பிரச்சினை, பிரச்சினையே அல்ல." அதன் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் நூடுல்ஸை உறிஞ்சினார்கள். கூரை ஒழுகியபோதும் முதலில் கட்டமும் அம்புக்குறியும் வைத்துப் படம்தான் போட்டார்கள். அது முடிவதற்குள் மழைக்காலம் முடிந்துவிட்டதால், நடவடிக்கை பலனளித்ததாகப் பதிவானது.

பனிமுயல்களின் லீடர் ஹோஷினா. நேராகக் கோடு போடத் தெரிந்தவன். கம்பெனியில் அதுவே பாதித் தகுதி. தரக் குழுக்களின் ஆண்டுப் போட்டிக்குச் சில வாரங்கள் இருந்தபோது, ஷிப்ட் முடிந்ததும் குழுவைச் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார வைத்துத் தூண் படத்தை விரித்தான். எந்தக் குறை எத்தனை முறை வந்ததோ அந்த உயரத்துக்கு ஒரு தூண். உயரமானது இடது பக்கம், அப்புறம் படிப்படியாக இறங்கும். எது உயரமோ அதுதான் குழு தீர்க்க வேண்டிய பிரச்சினை. இது விதி.

"சத்தம்," என்றாள் மிட்சுயோ, பார்லி டீயை ஊதிக்கொண்டே. சோதனை மேசையில் அவளுக்கு வேலையை விட வாய் அதிகம். "பக்கத்துல நிக்கிற தூணெல்லாம் அதுக்கு இடுப்புக்குக்கூட வரல. பாருங்க லீடரே."

சோதனை இதுதான்: பாய்லரைப் பற்றவைப்பார்கள். புகைக்குழாய் வழியாக விசிறியால் காற்றடித்துச் சுடரை அணைப்பார்கள். எங்கள் கடலோரக் காற்று வீடுகளில் செய்யப்போவதை அங்கேயே செய்து பார்ப்பது. சுடர் அணைந்ததும் உள்ளே ஒரு வால்வு தானாகவே கேஸை அடைக்க வேண்டும். பிறகு கைப்பிடியைக் கடக், கடக்கென்று திருகி மறுபடி பற்றவைப்பார்கள். கொஞ்ச காலமாக அந்த வால்வு சோம்பல் பிடித்தவன் கதவைச் சாத்துவதுபோலச் சாத்தியது. சாத்துவதற்குள் நுழைந்துவிட்ட கேஸ், திருகியதும் "பொக்" என்றது. மேசையில் உடனே திருகுவதால் வெறும் பொக். கொஞ்சம் தாமதித்து, கேஸ் நிறைந்த பிறகு திருகினால் என்ன ஆகும் என்று கேட்க, படத்தில் கட்டம் இல்லை.

"சரி, ஏன் ஏன்னு அஞ்சு தடவை கேப்போம்," என்றான் ஹோஷினா. "ஏன் பொக்குங்குது?"

"கேஸ் உள்ள தங்கிடுது."

"ஏன் தங்குது?"

"வால்வு மெதுவா மூடுது."

"ஏன்?"

"ஸ்பிரிங்கு தொளதொளன்னு இருக்கு."

"ஏன்?"

"கோடைக்காலத்துல மாத்துனாங்கள்ல, வேற கம்பெனி ஸ்பிரிங்கு."

ஐந்தாவது ஏன் தொண்டை வரை வந்து நின்றது. மாற்றியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். "ஸ்பிரிங் மூலம் சிக்கனம்" என்று அதற்காகத் தலைமை அலுவலகத்தில் கோப்பை வாங்கியவர் இசுருகி. அந்தக் கோப்பை அவர் மேசையில்தான் இருக்கிறது, பேனா போட்டு வைக்கிறார்.

"இதுக்கு மேல நாம கேட்டா, அப்புறம் நம்மளைக் கேப்பாங்க," என்றாள் மிட்சுயோ.

ஹோஷினா சுவரில் இருந்த வாசகத்தைப் பார்த்தான். பிறகு அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த, பாய்லர் கடந்துபோகும் வழியைக் காட்டும் படத்தைப் பார்த்தான். அம்புக்குறிகள் இறங்கி வந்து ஒரு சாய்சதுரத்தில் நின்றன. உள்ளே ஒரே கேள்வி: பற்றுகிறதா? 'ஆம்' என்றால் பெட்டிக்கு. 'இல்லை' என்றால் பழுது பார்க்க.

"பத்துதா இல்லையா?" என்றான்.

"பத்துது. பொக்குன்னு பத்துது."

"பத்துதுல்ல? பொக்குக்கு இங்க அம்புக்குறி இருக்கா?"

"இல்ல."

"அப்ப அது தனிக் குறை இல்ல. மத்ததோட சேத்துடு."

அப்படித்தான் அந்தத் தூண் நகர்ந்தது. தூண் படத்தில் 'மற்றவை' என்று ஒன்று உண்டு. பெயர் வைக்க முடியாத சில்லறைக் குறைகளுக்கு. எவ்வளவு உயரமாக இருந்தாலும் அது வலது ஓரத்தில் கடைசியாகத்தான் நிற்கும். இதுவும் விதி. யாரும் அதைத் தீர்க்க வேண்டியதில்லை. இடது பக்கம் இப்போது முதலில் நின்றது 'வண்ணக் கீறல்'. மேசையில் ஃபிளானல் துணி விரித்தார்கள், கீறல் போய்விட்டது. அதற்குக் காரணங்களை முள் முள்ளாகப் பிரித்துக் காட்டும் ஒரு மீன்முள் படம் போட்டார்கள். பெரிய முள், சின்ன முள், முள்ளுக்குள் முள். துணி விரிப்பதற்கு அவ்வளவு முள் தேவையா என்று மிட்சுயோ கேட்டாள். "துணியை யாரு வேணா விரிக்கலாம், பரிசு முள்ளுக்குத்தான்," என்றான் ஹோஷினா.

போட்டி நாள். மேடையில் திரை, புரொஜெக்டர், நேரம் முடிந்தால் அடிக்க ஒரு மணி. பனிமுயல்கள் ஒரே நிறத் தலைப்பட்டை கட்டி வரிசையாக நின்று குனிந்து வணங்கினார்கள். ஹோஷினா குச்சியால் காட்டிக் காட்டிப் பேசினான். கீறல் தூண் சுருங்கியது திரையில் தெரிந்ததும் கைதட்டல்.

வெளியூரிலிருந்து வந்த நடுவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "கடைசித் தூண் என்னப்பா, ரொம்ப ஒசரமா நிக்குது?"

முன் வரிசையில் இசுருகி சிரித்த முகத்தை அப்படியே வைத்திருந்தார், யாரோ ஆணி அடித்து மாட்டியதுபோல.

"அது மற்றவைங்க ஐயா."

"அட, மற்றவையா!" நடுவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். மற்றவையைப் பற்றிக் கேட்பது பந்தியில் அடுத்தவர் கிண்ணத்தை எட்டிப் பார்ப்பதுபோல. படித்தவர்கள் செய்ய மாட்டார்கள்.

முதல் பரிசு பனிமுயல்களுக்கு. இசுருகி மேடையேறினார். வண்ணம், வாழ்வு, முயல் மூன்றையும் சேர்த்து நெடுநேரம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வெறும் காகிதத்தைக் குடுத்து அனுப்ப எனக்கு மனசு வரல. லீடர் வீட்டுக்குத் தொட்டியோட நம்ம புது பாய்லர் ஒண்ணு. நாளைக்கே லைன்ல இருந்து இறங்குறது! அந்தக் குழு மேல எனக்கு இருக்கிற நம்பிக்கைக்கு அடையாளமா, அதே வரிசையில இன்னொண்ணு என் வீட்டுக்கும்!" என்றார்.

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. ஹோஷினாவும் தட்டினான். பின்னாலிருந்து மிட்சுயோ காதோரம் சொன்னாள்: "வாழ்த்துகள் லீடரே. காத்தடிக்கிற அன்னிக்கு மட்டும் குளிக்காதீங்க."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். வால்வும் சும்மாதான் இருக்கு."

வீட்டுப் பழைய பாய்லரே போதும், பரிசைக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாமா என்று அவன் அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தான். கேட்கும்போதே அந்தக் காப்பகத்துப் பிள்ளைகள் நினைவுக்கு வந்து, வேண்டாம் என்று தானே சொல்லிவிட்டான். மறுநாள் கம்பெனி வேன் வந்தது, இரண்டு மெக்கானிக்குகளோடும் கம்பெனிப் பத்திரிகையின் போட்டோக்காரரோடும். மனைவி ஃபுசாயே உதட்டுச்சாயம் பூசியிருந்தாள். மகள் மினோரி புதுத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு விரலைக் காட்டினாள். ஹோஷினா பாய்லர்மேல் கை வைத்து நின்றான், கடிக்கிற நாயைத் தடவச் சொன்னதுபோல. படம் நன்றாக வந்திருந்தது.

அன்று மாலை அவன் குளியலறைக் கதவில் ஒரு படம் வரைந்து ஒட்டினான். காற்று அடிக்கிறதா? ஆம் என்றால் குளியல் இல்லை. இல்லை என்றால் அப்பா பற்றவைப்பார். சுடர் அணைந்ததா? ஆம் என்றால் தொடாதே, ஜன்னலைத் திற, அப்பாவைக் கூப்பிடு.

ஃபுசாயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பனிக்காலத்துல நம்ம ஊர்ல காத்தடிக்காத நாள் எதுங்க? வசந்தம் வரைக்கும் அழுக்கோட இருக்கவா?"

"புதுசு. கொஞ்ச நாள் பழகட்டும்."

"யாரு, பாய்லரா நாமளா?"

அன்றிலிருந்து அவன் வேலை முடிந்ததும் ஓடி வந்து, காற்று தணியும் நேரம் பார்த்துத் தானே பற்றவைத்து, குளித்து முடிக்கும்வரை கதவருகே பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தான். பேப்பர் பல நாள் தலைகீழாக இருந்தது. தொழிற்சாலையில் பாய்லர்கள் ஆம், ஆம் என்று அம்புக்குறி வழியே போய்ப் பெட்டியில் இறங்கின. லாரிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு பனியில் எல்லாத் திசையிலும் போயின. மற்றவைத் தூண் வளர்ந்துகொண்டே இருந்தது. காகிதம் போதாமல் அதன் உச்சியில் இரண்டு வளைகோடு போட்டு உடைத்து, இன்னும் உயரம் உண்டு என்று காட்டினார்கள். அதற்கும் விதி உண்டு.

மாகாணப் போட்டிக்கு ஒத்திகை வைத்தார் இசுருகி. அவர் தானே வந்து ஹோஷினா எப்படிக் குனிய வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். குனிதல் சரியாக வந்ததும், "நானும் சீக்கிரம் போகணும். இந்தக் குளிருக்குப் புதுத் தொட்டியில கழுத்து வரைக்கும் முங்கினாத்தான் உசிரு வருது," என்று காரில் ஏறினார். அவர் வீடு கடலைப் பார்த்த மேட்டில். காற்று முதலில் அவரைத்தான் விசாரிக்கும்.

அன்று ஹோஷினா தாமதமாகத் தன் தெருவில் திரும்பியபோது இருட்டிக்கொண்டு வந்தது. கடல் பக்கமிருந்து ஒரு ஊளை. மின்கம்பிகள் ஆடின. அவன் வீட்டுப் புகைக்குழாயின் வாயிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

வாசலைத் திறந்தான். மினோரி எண்ணும் குரல் கேட்டது. நூறு எண்ணும்வரை தொட்டியை விட்டு வெளியே வரக் கூடாது, எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் உள்ள சட்டம்தான். குரல் அறுபதுகளில் பாட்டுபோல ஏறி இறங்கியது.

"பனியில விழுந்து தொப்பலா நனைஞ்சு வந்துச்சுங்க," என்று சமையலறையிலிருந்து ஃபுசாயே சொன்னாள். "உங்களுக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கிறது? நானே பத்தவெச்சுட்டேன்."

கூரை ஓடுகளை ஒரு காற்று தூக்கிப் போட்டது.

எண்ணிக்கை நின்றது.

"அம்மா! நெருப்பு போயிடுச்சு. பாய்லரோட குட்டி ஜன்னல் கறுப்பா இருக்கு."

"இதோ வரேன், மீனைத் திருப்பிப் போட்டுட்டு."

"நானே திருகட்டுமா? எனக்குத் தெரியும்."

ஹோஷினா காலணியோடு உள்ளே ஓடினான். அந்த வீட்டின் பாய்மேல் அதுவரை யாருடைய காலணியும் பட்டதில்லை. கதவு சறுக்கித் திறந்தபோது மினோரியின் ஈரக் கை கைப்பிடியில் இருந்தது. அவன் அவளைத் தண்ணீரோடு அள்ளி மனைவி கையில் எறிந்தான் என்றே சொல்ல வேண்டும். கேஸ் குழாயைத் திருகி அடைத்தான். ஜன்னலைத் தள்ளினான். பனி உள்ளே வந்தது. அதற்கு முன்பே வந்திருந்தது வாசனை. முட்டைக்கோஸ் அழுகியதுபோல, முழங்கால் உயரத்துக்கு அறையை நிரப்பிக்கொண்டு.

ஃபுசாயே போய் மீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். குழந்தையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கேஸ் ஏங்க நிக்கல?"

"வால்வு மெதுவா மூடும்."

"ஏன்?"

"ஸ்பிரிங்கு சரியில்ல."

"சரியில்லாததை ஏன் போட்டாங்க?"

"மேனேஜர் மாத்தினாரு. சிக்கனத்துக்கு."

"அங்க சோதிக்கிறவங்க எதுக்கு இருக்காங்க? நீங்கதானே சோதிக்கிறீங்க? தெரிஞ்சும் ஏன் விட்டீங்க?"

குழுவில் யாரும் கேட்காத கேள்வி. அவளுக்கு எந்தப் பயிற்சியும் கொடுத்திருக்கவில்லை.

"மற்றவையில போட்டேன்," என்றான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் தலையைத் துவட்டத் தொடங்கினாள். "அவரு வீட்டுலயும் ஒண்ணு இருக்குன்னு சொன்னீங்கள்ல," என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. காலணியைக் கழற்றாமலேயே தொலைபேசி அருகே போனான். எண்ணைச் சுழற்றினான். நெடுநேரம் மணி அடித்தது. எடுத்தது இசுருகியின் மனைவி. நிதானமான, நல்ல குடும்பத்துக் குரல்.

"அடடே, ஹோஷினா தம்பியா! பரிசுக்கு வாழ்த்துகள். அன்னிக்கே சொல்லணும்னு நினைச்சேன்…"

"அம்மா, மேனேஜர் ஐயா எங்க?"

"குளியலறையிலதான். தொட்டியில இருந்துக்கிட்டே ஏதோ திட்டிக்கிட்டு இருந்தாரு. காத்துல நெருப்பு அணைஞ்சுபோச்சாம், ரொம்ப நேரமாச்சு. தண்ணி ஆறிட்டு வருதாம்."

"திருக வேண்டாம்னு சொல்லுங்க! கைப்பிடியைத் தொட வேண்டாம்னு…"

"என்னது? காத்து இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலப்பா. இருங்க, அவரையே கூப்பிடுறேன்."

ரிசீவரை மரப்பலகைமேல் வைக்கும் சத்தம். செருப்புகள் தாழ்வாரத்தில் அவசரமில்லாமல் நகர்ந்தன. ஹோஷினா ரிசீவருக்குள் கத்தினான். அந்தப் பக்கம் பலகைதான் கேட்டுக்கொண்டிருந்தது. மேட்டு வீட்டின் காற்று ரிசீவருக்குள் ஊதியது. அதற்கும் அப்பால், ஒரு கதவுக்குப் பின்னால், அவன் நாள் முழுக்கச் சோதனை மேசையில் கேட்கிற சத்தம், சின்னதாக, பொறுமையாக.

கடக்.

கடக்.