செருப்பை உதறுகிற இடம்

கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீட்டுக்கு வந்த மாமனாரிடம், ஒரு மாதம் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்த காலமெல்லாம் செய்தித்தாளைக்கூட முழுசாகப் படிக்காத மனுஷர். கூடாது என்றதும்தான் அவருக்கு ஆசை வந்தது.

ஓய்வு பெற்ற அன்று பட்டறை ஆட்கள் கொடுத்த தலையணை மாதிரி நாவல் அலமாரியில் இருந்தது. உலகமே கொண்டாடும் எழுத்தாளர் எழுதியது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி மாமனார் பட்டறையையே அழவைத்திருக்கிறார். ஆனால் படித்ததில்லை. கல்யாணமான புதிதில் அவர் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியார் அதைப் படித்து, தினம் கொஞ்சமாக அவருக்குச் சொல்லியிருந்தார்.

"நீ படிச்ச பொண்ணு. வாசிச்சுக் காட்டேன்" என்றார் மருமகளிடம்.

அவள் வேதியியல் படித்தவள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவள். சொந்தமாகப் பேச வார்த்தை தேட வேண்டாம், யாரோ எழுதியதைச் சத்தமாகச் சொன்னால் போதும் என்று சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தாள்.

முதல் பக்கத்தில் சமவெளியில் காற்று அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. காற்று ஓய்ந்ததும் ஒரு தளபதியின் கொள்ளுத்தாத்தா கதை ஆரம்பித்தது. மாமனார் குறட்டை விட்டார்.

தன் குரல்தான் கதையைக் கொல்கிறது என்று அவளுக்குப் பட்டது. இவ்வளவு பேர் கொண்டாடும் புத்தகத்தின் மேலா தப்பு இருக்கும்? வெந்நீர் குடித்துப் பார்த்தாள். குளியலறையில் ஏற்ற இறக்கத்தோடு பேசிப் பழகினாள். வாசிப்பு தொடங்கினால் மாமியார் பக்கத்து அறையில் தையல் மெஷினை ஓட்ட ஆரம்பித்துவிடுவார். அவருக்கும் தன் குரல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாமனார் மட்டும் நம்பிக்கையை விடவில்லை. செருப்பை உதறுகிற இடம் வரட்டும் என்பார். சண்டை முடிந்து கதாநாயகன் வீடு திரும்புவான். பெண்டாட்டி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவன் காலிலிருந்து செருப்பைக் கழற்றி, வாசலில் மணலை உதறுவாள். அந்த இடத்தையாவது நன்றாக வாசித்துவிட வேண்டும் என்று மருமகள் காத்திருந்தாள்.

கடைசி அத்தியாயத்தில் அவன் ஆற்றங்கரையில் செத்துப்போனான். அப்புறம் ஆற்றைப் பற்றிப் பத்துப் பக்கம். புத்தகம் முடிந்துவிட்டது.

"செருப்பு?" என்றார் மாமனார்.

அவள் பின்னாலிருந்து புரட்டினாள். "இல்ல மாமா."

"எங்கயோ பக்கத்தை விட்டிருப்பே."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அவள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்த் தேட ஆரம்பித்தாள். பக்கத்து அறையில் மெஷின் நின்றது. மாமியார் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார்.

"அவ எதையும் விடல. நான்தான் சேத்தேன்."

மாமனார் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"காமாலையில கெடந்தப்ப டாக்டர் கையை விரிச்சுட்டாரு. நீங்க கண்ணை மூடிக்கிட்டு, அப்புறம் என்னாச்சுன்னு கேக்கறீங்க. அவன் செத்துட்டான்னு எப்படிச் சொல்றது? வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

மாமனார் மெதுவாகக் கேட்டார். "அப்ப அந்தக் காத்து?"

"எனக்கே தூக்கம் வந்துச்சு. தாண்டிட்டேன்."

"எனக்கும்தான் அத்தை" என்றாள் மருமகள். யாரும் கேட்காமல் அவளே பேசியது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டுச் சிரித்தும் விட்டாள்.

மாமனார் கண்ணாடிக்குக் கீழே துடைத்துக்கொண்டார். கண்ணைத் தொடாதீங்க என்று மாமியார் அதட்டினார்.

"இத்தனை வருஷமா எவனோ ஒருத்தன் பேரைப் பட்டறை முழுக்கப் பாடியிருக்கேன். உன் பேரைச் சொல்லியிருக்கணும்" என்றார் அவர். "உக்காரு. நீயே சொல்லு."

மருமகள் நாற்காலியை விட்டு எழுந்து அத்தைக்கு இடம் கொடுத்தாள். புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

ரெண்டு வரி போவதற்குள், "செருப்பு?" என்றார் மாமனார்.

"இருங்க. அவன் இப்பதான் வீட்டை விட்டே கெளம்பறான்."