குடிக்காதவனின் மூக்கு

...ஒரு சொட்டுகூட இல்லை டாக்டர், என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் அவர் எழுதி முடித்துவிட்டார், நம்பினாரா இல்லையா, குனிந்த தலையைப் பார்த்து என்ன கண்டுபிடிப்பது, என் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் கேட்கிற தோரணை மட்டும் போலீஸ். ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை என் மூக்கின் மேல் வைத்து அழுத்தினார், முகக்கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார், அழுத்திய இடத்தில் சிவப்பைக் காணோம், எடுத்ததும் குடையை மறந்துவிட்டுப் போன விருந்தாளி மாதிரி நூல் நூலாகத் திரும்பி வந்துவிட்டது. "இது சின்ன ரத்தக் குழாய்ங்கதான். விரிஞ்சது விரிஞ்சபடியே நின்னுடுச்சு. வெயில் ஒரு காரணம், பரம்பரையாவும் வரும். குடிச்சாத்தான் வரணும்னு இல்ல" என்றார். அதை ஒரு தாளில் எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள் என்றேன், சிரித்தார், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட பஸ், ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை, ஜன்னல் வழியாக வெயில் அடித்து அடித்து அந்தப் பக்கக் கன்னம்தான் அதிகம் சிவந்திருக்கிறது, இதை யாரிடம் போய்ச் சொல்ல... இரண்டாம் வகுப்புக் குழந்தையின் அம்மா என் மூஞ்சியைப் போட்டோ எடுத்து எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிட்டாள், காலையிலேயே தண்ணி போட்டுக்கொண்டு வருகிறான் என்று. தினமும் வண்டி எடுக்கும் முன்னால், குடித்திருக்கிறேனா என்று பார்க்கும் குழாயில் ஊதுகிறேன், தினமும் பூஜ்யம், மேனேஜருக்கும் தெரியும், தெரிந்தும், "ஊதுறது எனக்குத் தெரியுது, பெத்தவங்களுக்கு உங்க மூஞ்சிதானே தெரியுது? மூஞ்சி தெளியட்டும், அதுவரைக்கும் ஒர்க்‌ஷாப்ல இருங்க" என்கிறார். தெளியாவிட்டால்? என் வண்டியை வேறொருவன் கியரை நறநறவென்று அரைத்துக்கொண்டு ஓட்டிப் போவதை நின்று பார்க்கிறேன்.

லேசர் அடிக்க வேண்டும் என்று கண்ணுக்கு இரும்பு மூடி போட்டார்கள், ஒரே இருட்டு, மூக்கில் சில்லென்று ஏதோ தடவினார்கள். "சுளீர்னு இருக்கும், அசையாதீங்க." ரப்பர் பேண்டை இழுத்துவிட்ட மாதிரிதான், அதுவும் மூக்கு நுனியில், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முடி கருகிய நாற்றம் வேறு. மாசம் ஒரு தடவை, மூன்று தடவையாவது வரவேண்டுமாம், போனாலும் புதிதாக வரலாமாம், வெயிலுக்குக் கிரீம் பூசாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம், இந்த வயதில் எனக்கு கிரீம். "இத்தனை வருஷமா வீட்டுல யாரும் ஒண்ணும் கேக்கலையா?" என்றார் டாக்டர். என் சம்சாரம் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவளுடைய அண்ணன் எல்லார் முன்னாலும் "என்ன மாப்ள, எத்தனை ரவுண்டு?" என்று கேட்டபோதுகூட, "அவர் அந்தப் பக்கமே போகமாட்டார், எனக்குத் தெரியும்" என்று பட்டென்று சொன்னாள். தெரியும் என்றால்... எப்படித் தெரியும்? நான் ஒரு நாளும் சத்தியம் செய்ததில்லை, அவளும் கேட்டதில்லை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் முன்னால் வந்துவிடுவாள், "வேர்த்துக் கிடக்கு, கழட்டுங்க" என்று அவளே சட்டைப் பட்டனை அவிழ்ப்பாள், கழுத்தருகே முகம் வைத்து ஒரு நொடி மூச்சை இழுத்து நிற்பாள், ஒரு நாள் தவறியதில்லை, அவளுக்கு ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்தால் மட்டும் மறுநாள் இரண்டு தடவை. கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் இவ்வளவு ஆசை என்று டிரைவர்களிடம் பீற்றியிருக்கிறேன்... "அசையாதீங்கன்னேனே, வலிக்குதா?" என்றார் டாக்டர். இல்லை என்றேன். இன்னும் இரண்டு தடவைதான், அப்புறம் மூக்கு சுத்தமாகிவிடும் என்றார். சுத்தமான மூக்கோடு வீட்டுக்குப் போனால் அவள் அவ்வளவு கிட்டே வருவாளா என்று இவரிடம் எப்படிக் கேட்பது.