மூன்றாவது வரிசை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து முளைத்தது. பொய் என்னுடையது. நம்பியவள் என் மனைவி எர்சிலியா. போன அக்டோபரில் இதயம் நின்று இறந்துபோனாள். அவள் பெயரை மாற்ற மனம் வரவில்லை. கதையில் கணவனுக்கு மட்டும் என் பெயருக்குப் பதில் நிக்கனோர் என்று வைத்திருக்கிறேன். அவன் என்னைவிடக் கொஞ்சம் உயரம். குறட்டை விடமாட்டான்.*

முதல் வரி எங்கள் ஊர்ப் பெயரோடு இப்படி இருந்தது: 'மோக்காவின் பொன்னிறக் காலையில்...' அடித்துவிட்டேன். எர்சிலியாவுக்கு எந்தக் காலையும் பொன்னிறமாக விடிந்ததில்லை. முடக்குவாதம். விரல்கள் மடங்கி நிமிரப் பத்து மணியாகும். அதுவரை காப்பிக் குவளையை இரண்டு மணிக்கட்டுக்கு நடுவில் இடுக்கித்தான் தூக்குவாள்.

(* அவள் இருந்திருந்தால் இந்த வாக்கியத்தை விட்டிருக்க மாட்டாள்.)

2

நோய் வந்து மூன்று வருஷம் கொல்லை புதராகக் கிடந்தது. பிறகு ஒருநாள், மறுபடி தோட்டம் போடப்போவதாக அறிவித்தாள். குனிய முடியாதே? பெயிண்ட் டப்பாக்களை மேசைமேல் வரிசையாக வைத்து மிளகாயும் கொத்தமல்லியும் போட்டாள். உட்கார்ந்தபடியே வளர்க்கலாம். ஆனால் மரவள்ளி டப்பாவில் அடங்குமா? மோக்காவில் பிறந்தவளுக்கு மரவள்ளி இல்லாத தோட்டம் தோட்டமே இல்லை.

"நான் நட்டுத் தரேன்," என்றான் நிக்கனோர்.

"எந்தக் கையால? பூசணி நட்டியே, அந்தக் கையாலயா? புதைச்ச இடத்துலயே அதுக்குக் கருமாதி ஆச்சே, மனுஷா!"

எங்கள் ஊரில் இது விளையாட்டுப் பேச்சில்லை. கைராசி இல்லாதவன் நட்டால் மரவள்ளி இலைவிடும், ஆளுயரம் வளரும், பார்க்க ஜோராக இருக்கும். கிழங்கு மட்டும் வைக்காது. எர்சிலியாவின் கைராசி தெருவே அறிந்தது. இப்போது ராசி இருக்கும் கைக்கு நடவேண்டிய மரவள்ளிக் குச்சியைப் பிடிக்கத் தெம்பில்லை. தெம்பு இருக்கும் கைக்கு ராசியில்லை.

பக்கத்து வீட்டு ஃபெஃபா அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டித் தீர்ப்புச் சொன்னாள்: "அவ தொட்டுக் குடுக்கட்டும். நீ புதை. ராசி தொட்டவளுக்கு, முதுகுவலி உனக்கு."

அப்படியே நடந்தது. அவள் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒவ்வொரு குச்சியையும் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் கொஞ்ச நேரம் பிடித்திருந்து கொடுப்பாள்.

"எர்சிலியா, வெயில் ஏறுது. சீக்கிரம்."

"நீ என்ன பஸ்ஸுக்கா போறே? கோணலா வைக்கிறே பாரு. கண்ணு கீழ பாக்குது, திருப்பு!"

ஒரு நாளைக்கு அரைமணி நேரம். அதற்குமேல் அவள் உடம்பு தாங்காது. அவள் அதட்டல் மட்டும் சாயங்காலம் வரை தாங்கும்.

3

[இங்கே நிலவைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அழகாக இருந்ததால் சந்தேகப்பட்டு, எடுத்துவிட்டேன். இவ்வளவு போதும்: கிழங்குப் பயிரைத் தேய்பிறையில்தான் நடவேண்டும்.]

இரண்டு வரிசை முடிந்தது. தேய்பிறை முடிய ஒருநாள் இருக்கும்போது மூட்டெல்லாம் வீங்கிப் படுத்துவிட்டாள். கூடவே காய்ச்சல்.

"நாளைக்கு முடிச்சிடலாம், என்ன?" என்றாள் படுக்கையிலிருந்து.

நாளைக்கு நிலவு திரும்பிவிடும்; வளர்பிறை. நிக்கனோர் நேராகக் கொல்லைக்குப் போனான். மூன்றாவது வரிசைக்கு மிச்சமிருந்த, அவள் தொடாத ஒன்பது குச்சிகளையும் தானே புதைத்தான். மறுநாள் அவள் கேட்டபோது, "நேத்தே தொட்டுக் குடுத்தியே, காய்ச்சல்ல மறந்துட்டியா?" என்றான்.

அவள் தன் கைகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். "அப்படியா? பரவாயில்லையே!"

பொய் இதுதான். சின்னதுதான். ஆனால் மூன்றாவது வரிசைதான் மற்ற இரண்டையும்விட உயரமாக வளர்ந்து தொலைத்தது. வருகிறவர்களையெல்லாம் நாற்காலியில் இருந்தபடியே அதைப் பார்க்க வைப்பாள். "காய்ச்சலோட தொட்டது. இந்தக் கைக்கு இன்னும் ஒண்ணும் ஆகலை!"

நிக்கனோர் ஆமாம் ஆமாம் என்பான்.

4

முடிவுகள்.

அ. நிக்கனோர் உண்மையைச் சொல்கிறான். அவள் செருப்பை எறிகிறாள், குறி தவறுகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். எழுதிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. நடக்கவில்லை.

ஆ. அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். சந்தேகம் தீர ஃபெஃபா அக்காவிடம் கேட்டேன்.

"அவளுக்குத் தெரியுமாக்கா?"

"கதை எழுதுறவன் நீ. என்னை எதுக்குக் கேக்குறே? அது கிடக்கட்டும், அந்த மூணாவது வரிசைய எப்பப் பிடுங்கப்போறே? பதினாலு மாசம் ஆச்சு. விறகாத்தான் கிடைக்கும்."

முதல் இரண்டு வரிசையையும் அவள் போனபிறகு, டிசம்பரில், நானும் ஃபெஃபா அக்காவும் பிடுங்கினோம். தொடைத் தண்டி கிழங்கு. வெங்காயம் வதக்கிப் போட்டு இரண்டு வீடும் சாப்பிட்டது.

5

மூன்றாவது நிற்கிறது. கீழே கிழங்கு இருந்தால், என் கையே போதுமாயிருந்திருக்கிறது. அவள் பெருமை பொய்யாகிவிடும். இல்லாவிட்டால் எனக்குக் கைராசி இல்லை என்று அவள் சொன்னதுதான் சரி. ஆனால் நான் மறுபடி எதை நடுவது? அவள் தோட்டம் என்னோடு முடிந்தது. நடுவதானால் இந்த மாதத் தேய்பிறை இன்னும் நான்கு நாள்தான்.

நிக்கனோரை அனுப்பிப் பார்த்தேன். அவன் தண்டைப் பிடித்தபடி நிற்கிறான், என்னையே திரும்பிப் பார்க்கிறான். உயரமானவனாக வைத்து என்ன பிரயோஜனம்?

என் கையைப் பற்றி அவள் நிறையச் சொல்லிவிட்டாள். உங்கள் கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

வாருங்கள். தண்டின் அடியைப் பிடியுங்கள், மண்ணை ஒட்டி. இன்னும் கீழே. நேராக இழுக்கக் கூடாது, கிழங்கு ஒடிந்துவிடும். கொஞ்சம் ஆட்டி, ஆட்டி...