மைனி முறை

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஊருக்கே கொண்டாட்டம். வெளியூர்க்காரர்கள் அருவியில் குளித்துவிட்டு அகோரப் பசியோடு வருவார்கள். அவர்களுக்குப் பொங்கிப் போடுகிற சத்திரத்தின் பின்கட்டில், ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டு நெல் குத்துகிற இரண்டு பெண்களைப் பற்றி யாருக்கு என்ன கவலை? யாரும் கவலைப்படாததுதான் இராமலட்சுமிக்கும் மூக்கம்மாளுக்கும் கிடைத்த ஒரே பாக்கியம்.

இராமலட்சுமியின் புருஷன் கொழும்புத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவன். போனவன் போனவன்தான். இருக்கிறானா செத்தானா தெரியாமல் தாலியைச் சுமந்துகொண்டிருந்தவளை, ராசியில்லாதவள் என்று மாமியார் வெளியே தள்ளினாள். மூக்கம்மாள் கதை அதைவிட மோசம். அவளைக் கட்டிய மகராசன் அச்சன்புதூர்க்காரன், கடற்கரை என்று பேர். சோறு குழைந்துவிட்டது என்று கொதிக்கிற கஞ்சியை அவள் தோளில் ஊற்றினான். வயிற்றில் இருந்ததும் கலைந்துபோனது. புண் ஆறுமுன் குற்றாலத்துக்கு ஓடிவந்தவளுக்கு இராமலட்சுமிதான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள். தடவிய கையை அப்புறம் எடுக்க மனம் வரவில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் உயிரையே வைத்துவிட்டார்கள். இதை வேறு எப்படிச் சொல்ல?

முதலில் இராமலட்சுமி அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

"அக்கான்னு கூப்பிடாதட்டி," என்றாள் மூக்கம்மாள். "அக்காகிட்ட யாராவது இப்படி இருப்பாளா? மைனின்னு கூப்பிடு."

மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி முறை. கேலிக்கும் கிண்டலுக்கும் உரிய முறை. மைனியைக் கிள்ளலாம், மைனி மடியில் தலை வைத்துப் படுக்கலாம், ஒரே பாயில் உறங்கலாம். ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். ஊர்க் கண்ணில் மண்ணைத் தூவ இதைவிட நல்ல சொல் கிடையாது என்று இராமலட்சுமி பூரித்துப்போனாள். குளிக்கிற இடத்திலும் கடைத்தெருவிலும் வாய் நிறைய மைனி, மைனி என்று கூப்பிட்டாள்.

அடுத்த சாரலுக்குக் கடற்கரை மோப்பம் பிடித்து வந்து நின்றான். கட்டினவளை இழுத்துக்கொண்டு போகாமல் விடமாட்டேன் என்றான். மூக்கம்மாள் தென்காசியில் சாதிக்கூட்டத்தில் முறையிட்டாள். இரண்டு பெண்களும் ஒரே சாதிதான். அவர்கள் வழக்கப்படி, புருஷன் கூட்டத்தின் முன்னால் ஒரு துரும்பை ஒடித்துப் போட்டால் பெண்டாட்டிக்கு விடுதலை. அந்தத் துரும்புக்காக அவள் வேண்டாத சாமி இல்லை. ஆண் துணை இல்லாமல் கூட்டத்தில் நிற்கக்கூடாது என்பதால், இராமலட்சுமியே வடகரைக்குப் போய்த் தன் அண்ணன் வல்லிநாயகத்தைக் கூட்டி வந்தாள். பெண்டாட்டியை அம்மைக்குப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு திண்டாடுகிற சாதுவான மனுஷன்.

தோளிலிருந்த தழும்பைப் பார்த்த கூட்டம் கடற்கரையைக் காறித் துப்பியது. வேறு வழியில்லாமல் அவன் துரும்பைக் கையில் எடுத்தான். அப்போது நாட்டாமை தடுத்தார்.

"பொறுலே. தீத்துவிட்ட பொம்பள எங்கன போயி இருப்பா? நாளைக்கு ஒண்ணுன்னா பழி நம்ம சாதிக்குல்லா வரும்."

"எங்கூட இருப்பா, அண்ணாச்சி," என்றாள் இராமலட்சுமி.

"ஒனக்கு அவ என்ன முறை?"

நாக்கு பழகிப்போயிருந்தது. "மைனி," என்று சொல்லிவிட்டாள்.

நாட்டாமையின் முகம் மலர்ந்தது. "மைனின்னா ஒங்கண்ணனுக்குக் கட்டுத முறைல்லா? வல்லிநாயகம் தனிமரமா நிக்கான். அவனே கட்டிக்கிடட்டும்."

இராமலட்சுமி பதறி முன்னால் வந்தாள். "இல்ல அண்ணாச்சி. அவ எனக்கு அக்கா முறை. எங்கண்ணனுக்கும் கூடப்பொறந்தவ மாதிரி."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "குத்தாலம் பூரா மைனி மைனின்னு கூவுனியேட்டி. மாப்பிளையக் காட்டுனதும் அக்காவாயிட்டாளாக்கும்," என்றார் ஒருவர். அண்ணன் வீட்டுக்கு ஒருத்தி வருவது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். உள்ளதைச் சொல்ல அவளிடம் சொல்லே இல்லை. சொல்லியிருந்தால்தான் இருவரையும் உயிரோடு விட்டிருப்பார்களா?

"சம்மதம்னா துரும்பு. இல்லன்னா கடற்கரையோட அச்சன்புதூருக்கு நட," என்றார் நாட்டாமை.

மூக்கம்மாள் தோளில் சேலையை இழுத்து மூடிக்கொண்டு இராமலட்சுமியைப் பார்த்தாள். இராமலட்சுமி சம்மதமாகத் தலையை ஆட்டினாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? மறுபடியும் கொதிகஞ்சிக்கா அனுப்புவாள்?

துரும்பு ஒடிந்தது.

இரண்டாம் கல்யாணத்துக்கு மேளமும் கிடையாது, அய்யரும் கிடையாது. நல்ல காரியத்தைத் தள்ளிப்போடுவானேன் என்று அங்கேயே மஞ்சள் கயிறு வந்துவிட்டது. அந்தச் சாதியில் மாப்பிள்ளை தாலி கட்டுவதில்லை. அவன் உடன்பிறந்தவள்தான் கட்டவேண்டும்.

வல்லிநாயகம் கூச்சத்தோடு கயிற்றைத் தங்கையிடம் நீட்டினான். "கட்டு தாயி. நீயும் எங்களோட வந்து இருந்துக்கோ. ரெண்டுபேரும் பிரிய வேண்டாமில்லா," என்றான். நல்லவன்தான். அதனால் அவனை வெறுக்கக்கூட அவளால் முடியவில்லை.

மூக்கம்மாள் குனிந்தாள். எத்தனையோ தடவை இராமலட்சுமி முகம் புதைத்த கழுத்து. அதைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுபோகையில் அவள் கண்ணீர் மஞ்சள் கயிற்றில் சொட்டியது.

"அழாம கட்டுட்டி," என்று மூக்கம்மாள் அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "நீயே கட்டுதன்னு நெனச்சிக்கிடுதேன்."

இராமலட்சுமி மூன்று முடிச்சையும் போட்டாள். ஓரமாக நின்ற பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவளை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, மூக்கம்மாளின் கையைப் பிடித்து வல்லிநாயகத்தின் கையில் வைத்தார்கள்.