கூப்பிடு தூரம்

சிங்கப்பூர் கூப்பிடு தூரம்தான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவர் கஸ்தூரிரங்கன். மீனம்பாக்கத்தில் விமானம் ஏறினால் நாலு மணி நேரம். "தீபாவளி சமயத்துல தாம்பரத்திலேர்ந்து தி.நகர் போய்ப் பாருங்கோ, எது கிட்டன்னு தெரியும்" என்பார். தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்க் காலனியில் இதைக் கேட்காமல் தப்பித்தவர் யாருமில்லை. மகன் ஸ்ரீவத்சன் அங்கே வேலைக்குக் கிளம்பியபோது, "ஒரு போன் பண்ணுப்பா, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்து நிப்பேன்" என்று சொன்னதில் வந்த மிதப்பு அது.

அவனை வரச்சொல்லிப் போன் பண்ணி மூன்று மாதமாகிறது. மனைவி ரமாவுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவன் வரட்டும், ஒரு தரம் பாத்துட்டுப் படுத்துக்கறேன்" என்று ரமா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அவனுக்கோ லீவு கிடைக்கவில்லை. பாவம், பெரிய கம்பெனி, பெரிய பொறுப்பு! அவனுக்காக வக்காலத்து வாங்கி வாங்கியே கஸ்தூரிரங்கனுக்கு நாக்கு தேய்ந்துவிட்டது. இதற்குள் ரமாவுக்குக் கட்டிலிலிருந்து சமையலறைக்குப் போவதற்கே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெரு ஜென்சி சர்ச் முடிந்த கையோடு ரமாவைப் பார்க்க வந்தாள். நாவலூரில் வேலை பார்க்கிற பெண்.

"ஸ்ரீ அண்ணா சூப்பரா பேசினாங்க ஆன்ட்டி. செவ்வாய்க்கிழமை எங்க ஆபீஸ்லதான் மீட்டிங். ரெண்டு நாள் இருந்தாங்கல்ல, நீங்க அவங்களோட பிஸியா இருப்பீங்கன்னுதான் நான் அப்ப வரல."

மகன் ஊருக்கு வந்துபோனதே கஸ்தூரிரங்கனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் ரமா முந்திக்கொண்டாள்.

"ஆமாம்மா, இங்கேதான் தங்கினான். வத்தக்குழம்பு பண்ணிப் போட்டேன்."

அடுப்படியில் நின்று எத்தனையோ நாளாகிவிட்ட மனுஷி. அந்தப் பொய்யைக் கேட்கத்தான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஜென்சி தலை மறைந்ததும் மகனுக்குப் போன் போட்டார். ரமாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"டைட் ஷெட்யூல்ப்பா," என்றான் அவன். "நாவலூர்லேர்ந்து மேடவாக்கம் வழியா தாம்பரம் வந்துட்டுப் போனா, அந்த டிராஃபிக்ல மூணு மணி நேரம் காலி. உங்களுக்குத் தெரியாதா?"

"கடலைத் தாண்டி வந்தவனுக்கு மேடவாக்கத்தைத் தாண்ட முடியலையாடா?" என்று கத்தினார்.

"அடுத்த மாசம் கண்டிப்பா பாக்கறேன்ப்பா" என்றான்.

ரமா கையை நீட்டிப் போனை வாங்கினாள். திட்டுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தார். "சாப்டியாடா கண்ணா?" என்று மட்டும் கேட்டாள். சாப்பிட்டாச்சு என்றான். வைத்துவிட்டாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட தேதி கேளுங்கோ," என்றாள் கஸ்தூரிரங்கனிடம். "ஆபரேஷன் முடிஞ்சப்புறம் அவனுக்குச் சொல்லிக்கலாம். பொழைச்சா நான் சொல்றேன். இல்லேன்னா நீங்க சொல்லுங்கோ."