ஏழாம் எண்

பெரிய சிஸ்டருக்கு இந்த வயதில் முதுகலைப் பட்டம் எதற்கு என்று கேட்காத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர்தான், லிஃப்ட்காரர். எந்த மாடி என்பதைத் தவிர அவர் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. மற்ற எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து அவளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். அவரே ஒருநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டபடி, "ரிடையர் ஆகப்போற நேரத்துல யாராவது பரீட்சை எழுதுவாங்களா?" என்று இஸ்திரிப் பெட்டியிடம் கேட்பது போலக் கேட்டார்.

"ஆரம்பிச்சுட்டேன்ல," என்றாள் அவள்.

வயது ஐம்பத்தொன்று. வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். அதில் கடைசிப் பன்னிரண்டு வருடம், இருபத்துநான்கு படுக்கை கொண்ட பொது மருத்துவ வார்டு அவள் பொறுப்பில் இருந்தது. செவிலியர் படிப்பில் முதுகலை, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற வகை. மூன்று வருடத்தில் முடித்திருக்க வேண்டியது. வீட்டுக்காரரின் முட்டி ஆபரேஷன் ஒரு வருடத்தை விழுங்கியது, மகளின் பொதுத்தேர்வு இன்னொன்றை. ஐந்து வருடத்துக்கு மேல் பல்கலைக்கழகம் ஒருநாள்கூடப் பொறுக்காது. பதிவு ரத்தாகும், முதல் தாளிலிருந்து மறுபடி எழுத வேண்டும். மறுபடி எழுதுகிற தெம்பு தனக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். பாக்கி இருந்தது ஆய்வேடு மட்டும். கையில் இருந்தது பதினேழு வாரம்.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது கை சுத்தம். வார்டில் ஒவ்வொரு படுக்கையின் கால்மாட்டிலும் ஒரு சானிடைசர் பாட்டில் தொங்கும். ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஒருமுறை, தொட்ட பிறகு ஒருமுறை, கையைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். எத்தனை தடவை தேய்க்க வேண்டியிருந்தது, எத்தனை தடவை தேய்த்தார்கள் என்பதை ஆளுக்குத் தெரியாமல் எண்ண வேண்டும். ஆய்வில் சேரச் சம்மதித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். என்றைக்கு, எப்போது எண்ணுவார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் நர்ஸ்கள் உட்காரும் மேஜையில் ஒரு கேஸ் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, அதற்குள் தன் தாளைச் செருகி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தேய்த்தால் ஒரு டிக், தேய்க்காவிட்டால் ஒரு பெருக்கல். ஆறு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தபோது நூற்றுக்கு எண்பத்திரண்டு வந்தது. ஆய்வுக்கு வழிகாட்டியாக இருந்த கைடு மேடம் பூரித்துப்போனார்.

இந்தக் கைடு மேடம் அவளைவிடப் பத்து வயது இளையவர். மாணவியாக இருந்தபோது இதே வார்டில், இதே பெரிய சிஸ்டரின் பக்கத்தில் நின்றுதான் ஊசி போடக் கற்றுக்கொண்டவர். இப்போது ஒருவரையொருவர் 'மேடம்' என்றும் 'சிஸ்டர்' என்றும் கூப்பிட்டுக்கொள்வதில் இரண்டு பேருக்கும் ஒரு சின்னக் கூச்சம் உண்டு.

"ரிசல்ட் பிரமாதம் சிஸ்டர். அந்த ஆறு வாரத்துல எத்தனை பாட்டில் செலவாச்சுன்னு ஒரு டேபிள் மட்டும் சேர்த்துடுங்க. வெளியிலேர்ந்து வர்ற எக்ஸாமினர் அதைக் கேட்பார்."

பாட்டில் கணக்கு ஆயாம்மாவிடம்தான் இருந்தது. ஆயாம்மாவும் பெரிய சிஸ்டரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். காலியான பாட்டிலை எடுத்துப் புதியது மாட்டுவது ஆயாம்மாவின் வேலை. மாட்டிய ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஸ்டோர் ரூம் சுவரில் தொங்கிய காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் ஒரு கோடு போட்டுவைப்பாள். பெரிய சிஸ்டர் கோடுகளை எண்ணிக்கொண்டே வந்து பாதியில் நின்றாள். திங்கள் கட்டத்தில் ஏழு கோடு, செவ்வாயில் ஒன்று, புதனில் ஆறு, வியாழன் காலி, வெள்ளியில் ஏழு. அடுத்த வாரமும் அதே கதை.

"இது என்ன, ஒருநாள் விட்டு ஒருநாள் பாட்டில் காலியாகுது?"

ஆயாம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "நீங்க கண்ணாடி போடற நாள்ல நெறைய காலியாகும் சிஸ்டர்."

"கண்ணாடியா?"

"சாதாரணமா நீங்க எங்க கண்ணாடி போடறீங்க? மாத்திரை அட்டையக்கூட கைய நீட்டி தூரத்துல வெச்சுதான் படிக்கறீங்க. வயசு தெரிஞ்சுடும்னு பாக்கறீங்க. அந்தத் தாள்ல கட்டம் பொடிசா இருக்கறதால அதுக்கு மட்டும் போடறீங்க. பெரிய சிஸ்டர் கண்ணாடி போட்டா எல்லாரும் கையத் தேய்ங்கடின்னு மொத வாரமே பேச்சு வந்துடுச்சு. டாக்டருங்களுக்கும் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயே."

பெரிய சிஸ்டருக்குக் காது மடல் சுட்டது. அந்த ஆறு வாரமும் அவள் வார்டைப் பார்க்கவில்லை, வார்டுதான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலையே கைடு மேடத்தின் அறைக்குப் போய், சுருட்டிக் கொண்டுபோயிருந்த காலண்டரை மேஜையில் விரித்தாள். மேடம் கோடுகளைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இதை யாரும் நம்மகிட்ட கேட்கலயே சிஸ்டர். ஆய்வோட குறைகள்னு கடைசில ஒரு பகுதி எழுதுவோம் இல்ல, அதுல ரெண்டு வரி சேர்த்துட்டா போதும். இன்னும் பத்து வாரம்தான் இருக்கு. திரும்பப் பண்றேன்னு இறங்கி, நாள் தாண்டிடுச்சுன்னா அவ்வளவுதான். நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது."

மேடம் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பெரிய சிஸ்டரும் பெரிய உத்தமி ஒன்றும் இல்லை. ஆனால் தன் வார்டில் தனக்கே காது குத்திவிட்டார்கள் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. "ரெண்டு வரில முடியற விஷயம் இல்ல மேடம். திரும்பப் பண்றேன்," என்றாள். அது நேர்மையால் வந்தது என்பதைவிடக் கோபத்தால் வந்தது என்பதே சரி.

இந்த முறை எண்ணுவதற்கு டயட்டீஷியனைப் பிடித்தாள். அந்தப் பெண் தினமும் காலையில் ஒரு ஃபைலோடு வந்து படுக்கை படுக்கையாக நின்று, யார் என்ன சாப்பிட்டார்கள், எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று எழுதுவாள். அவள் எழுதாமல் நின்றால்தான் சந்தேகம் வரும். ஆஸ்பத்திரியின் ஆய்வு நெறிக்குழுவிடம் புதிதாக அனுமதி வாங்கவே எட்டு நாள் ஓடியது. குழு போட்ட நிபந்தனை ஒன்று: ஆட்களுக்கு எண் மட்டும்தான், எந்த எண் யார் என்பது எண்ணுகிறவருக்கு மட்டுமே தெரிய வேண்டும், பெரிய சிஸ்டருக்குக்கூடச் சொல்லக் கூடாது.

"வார்டுல ஒரு ஆளையும் விடாத," என்று பெரிய சிஸ்டர் அவளுக்கு உத்தரவு போட்டாள். "பெரிய டாக்டரா இருந்தாலும் சரி, நேத்து சேர்ந்தவளா இருந்தாலும் சரி. நோயாளியத் தொட்டா எழுது."

"எல்லாரையுமா சிஸ்டர்?"

"எல்லாரையும்னா எல்லாரையும்தான்."

நாலு வாரம் கழித்து டயட்டீஷியன் தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். பதினாலு பேர், நானூற்றுப் பன்னிரண்டு சந்தர்ப்பம். தேய்த்தது நூற்றைம்பத்தேழு. எண்பத்திரண்டு இருந்த இடத்தில் முப்பத்தெட்டு. பெரிய சிஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வரிசையாகப் படித்தாள். எல்லாரும் சுமார்தான், ஒருவர் மட்டும் படுமோசம். ஏழாம் எண்: நாற்பத்தொன்றுக்கு ஆறு.

"யாரு இந்த ஏழு? நாப்பத்தொரு தடவைல ஆறு தடவையா? இது கையா, கரண்டியா? நீ பேர் சொல்ல வேணாம். எந்த ஷிஃப்ட்டுன்னு மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறேன்."

"பேர் சொல்லக் கூடாதுன்னு நீங்கதான் என்கிட்ட கையெழுத்து வாங்கினீங்க," என்றாள் டயட்டீஷியன். அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. குளியலறையில் கரப்பான்பூச்சி இருப்பதை வீட்டுக்காரம்மாவிடம் சொல்ல வந்த விருந்தாளி போல.

எண்களுக்குப் பக்கத்தில், என்ன செய்தபோது எண்ணப்பட்டது என்று பொடி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. பெரிய சிஸ்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏழாம் எண்ணின் குறிப்புகளை வாசித்தாள். 'மூன்றாம் படுக்கை, தலையணையைச் சரிசெய்தார், இல்லை.' 'நான்காம் படுக்கை, நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார், இல்லை.' 'ஐந்தாம் படுக்கை, நெற்றியில் புறங்கை, இல்லை.' 'ஆறாம் படுக்கை, நெற்றி, இல்லை.'

தெர்மாமீட்டர் வைப்பதற்கு முன்னால் நோயாளியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்க்கிற பழக்கம் அந்த வார்டில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உண்டு. நோயாளிகளுக்கு அது பிடிக்கும். வீட்டுக்குப் போகும்போது அதைச் சொல்லித்தான் கண் கலங்குவார்கள்.

அவள் தாளைக் கீழே வைத்தாள். தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்கதானே ஒரு ஆளையும் விடாதன்னு சொன்னீங்க," என்றாள் டயட்டீஷியன், மெதுவாக.

வீட்டில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வது மகள். தேதி நெருங்க நெருங்க, அம்மா சொல்லச் சொல்ல அவள் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தாள். அட்டவணை வந்ததும் அம்மா நிறுத்தினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். மகள் சிரித்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை மென்று விழுங்கினாள்.

"இந்த ஒரு வரிய எடுத்துடவாம்மா? ஒரு பட்டன் அமுக்கினா போச்சு. முப்பத்தெட்டு நாப்பத்தொண்ணா ஆகும், அவ்வளவுதான்."

கைடு மேடமும் போனில் அதைத்தான் சொன்னார், இன்னும் கௌரவமாக. ஆய்வு செய்கிறவரே ஆய்வுக்குள் ஆளாக இருக்கக் கூடாது, எடுத்துவிடுவதுதான் முறை, யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வைத்திருந்தாலும் வெறும் எண்தானே, யார் கேட்கப் போகிறார்கள். உங்கள் இஷ்டம்.

முறைப்படியே தப்பிக்க ஒரு கதவு திறந்திருந்தது. பெரிய சிஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆனால் அவளுக்குப் போன வருடம் நடந்த ஒன்று ஞாபகம் வந்துகொண்டிருந்தது. பதினாறாம் படுக்கைக்காரருக்கு வயிற்றுப்போக்கு, இரண்டே நாளில் பதினேழாம் படுக்கைக்கும் தொற்றியது. அப்போது வேலைக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸை நடு வார்டில் நிறுத்தி, 'கை கழுவத் தெரியாதவளுக்கெல்லாம் யூனிஃபார்ம் எதுக்கு' என்று கேட்டிருந்தாள். அந்தப் பெண் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் அழுதது எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு நாளும் அந்த இரண்டு பேர் நெற்றியையும் அடுத்தடுத்துத் தொட்டது யார்? தொற்று அந்தக் கை வழியாகப் போனதா என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. தெரியாது என்பதுதான் அவளைத் தின்றது. இருபத்தாறு வருடமாகத் தான் கை சுத்தம் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள், அது பொய். வெட்கமாக இருந்தது. மகள் எதிரில் அழக்கூட வெட்கமாக இருந்தது.

"எடுக்காத," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. மூன்றாவது வாரம் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த, வழுக்கை விழுந்த மனிதர். பக்கங்களுக்கு நடுவே மஞ்சள் காகிதத் துண்டுகளைச் செருகி வைத்திருந்தார். கண்ணாடிக் கதையைக் கேட்டு ஒருமுறை சிரித்தார். இரண்டு முறை எண்ணியதில் எதை நம்ப வேண்டும், ஏன் நம்ப வேண்டும் என்று முக்கால் மணி நேரம் துளைத்தெடுத்தார். அவளுடைய பதில்கள் தடங்கலின்றி வந்தன. பக்கத்தில் கைடு மேடம் விரல்களை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். முடிந்தது என்று நினைத்தபோது தேர்வாளர் கடைசி மஞ்சள் துண்டைப் பிடித்து அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

"இந்த ஏழாம் எண். நாப்பத்தொண்ணுக்கு ஆறு. மத்தவங்க யாரும் இவ்வளவு கீழ போகலயே. ஏன்னு விசாரிச்சீங்களா?"

எண்கள் மறைக்கப்பட்டவை, விசாரிக்க வழியில்லை என்று சொன்னால் போதும். கைடு மேடம் அதைச் சொல்லச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினார்.

"விசாரிச்சேன் சார்," என்றாள் பெரிய சிஸ்டர். "அனுபவம் நெறைய உள்ளவங்க. மத்தவங்களுக்குக் கை கழுவச் சொல்லிக் குடுக்கறதே அவங்கதான். ஒவ்வொரு படுக்கைலயும் நின்னு நெத்தியத் தொட்டுப் பாப்பாங்க. அதை ஒரு வேலையா அவங்க நெனைக்கல, பிரியத்துல செய்யறதுன்னு நெனச்சுட்டாங்க. அதனால அதுக்குக் கை தேய்க்கணும்னே தோணல."

"நீங்க போய்ச் சொன்னதும் ஒத்துக்கிட்டாங்களா?"

அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"இப்பதான் சார் ஒத்துக்கறாங்க."

தேர்வாளருக்குப் புரிய ஒரு கணம் ஆனது. பேனாவை எடுத்தவர் எழுதாமல் மூடினார். பிறகு மறுபடி திறந்து, பக்கத்தின் ஓரத்தில் நிதானமாக ஏதோ எழுதினார். "வெளில உக்காருங்க, கூப்பிடறேன்," என்றார்.

மதியம் இரண்டு மணிக்கு அவளுக்கு ஷிஃப்ட். நேராக வார்டுக்கு வந்தாள். ஆயாம்மா முதல் படுக்கையின் கால்மாட்டில் பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு நர்ஸ்கள் வேலை செய்வது போலப் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தார்கள்.

"பாஸா சிஸ்டர்?"

பெரிய சிஸ்டர் பாட்டிலை அமுக்கினாள். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று, மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். ஆயாம்மா பொறுமையில்லாமல் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

"பாஸ்," என்றாள், கை காய்ந்த பிறகு. பிறகு முதல் படுக்கைக்காரரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.